ஹாதி விக்டருக்குப் பொருந்தவில்லை: பதில்

அஹமத் சாதாவியின் 'பாக்தாத்தில் ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலோடு ஒப்பிடும் கட்டுரையில், ஹாதிக்கு நேரே விக்டர் என்று போட்டுவிட்டு மேலே நகர முடியவில்லை என்கிறீர்கள். நகராதுதான். 1818-ல் வந்த ஷெல்லியின் நாவலில் விக்டருக்கு உயிரை உண்டாக்கும் வெறி. சாதாவியின் ஹாதியோ பாக்தாத்தின் பத்தாவீன் பகுதியில் பழைய சாமான் வாங்கி விற்பவர். கூட்டாளி நாஹிம் கார் குண்டில் சிதறிப்போக, பிணவறையில் எது யாருடைய உறுப்பு என்றே பிரிக்க முடியவில்லை. அதன்பிறகுதான் தெருவில் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறார். முழு உடலானால் குப்பையோடு போகாது, அடக்கம் கிடைக்கும். கடைசியில் குறைவது ஒரு மூக்கு. அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

உயிர் கொடுப்பது அவரல்ல. ஓட்டல் காவலாளி ஹசீபின் ஆவி உடல் தேடி வந்து புகுகிறது. மகனைப் போரில் தொலைத்த எலீஷ்வா கிழவி 'தானியேல்' என்று அழைத்து எழுப்புகிறாள். அதனால் ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் வேலைக்கு வேலை ஒப்பிடுங்கள்: உடல் சேர்ப்பது, உயிர், பெயர், துரத்தல். துரத்த பிரிகேடியர் சுரூரின் அரசுத் துறை இருக்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் என்ற தலைப்பே நாவலுக்குள் வரும் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு ஆசிரியர் சயீதி வைப்பது (நல்ல குறும்பு).

கட்டுரையின் கனத்தைச் சதைமேல் வையுங்கள். ஷெல்லியின் உயிரி துணை கேட்கிறது. சாதாவியின் உயிரி பழி தீர்க்கிறது. ஒரு துண்டுக்கான பழி தீர்ந்ததும் அது அழுகி விழும், மாற்றுச் சதை வேண்டும், அதில் குற்றவாளிகளின் சதையும் கலந்துவிடும். 2005-ன் பாக்தாத் அரசியலை இங்கிருந்து எழுதினால் தனியாக ஒரு 'பின்னணி' பத்தி தேவைப்படாது.