விம் தன் ரன்டைம் கோப்புகளை எங்கே தேடுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: விம் என்ற உரை எடிட்டரைத் திறந்தாலே இ484 என்ற பிழை வருகிறது. சின்டாக்ஸ்.விம் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லையாம். நிறுவிய தொகுப்பே கெட்டுவிட்டதா?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். விம் என்பது இயங்கும் நிரல் மட்டுமல்ல. வண்ணமிடுதல், கோப்பு வகையைக் கண்டறிதல், உதவிப் பக்கங்கள் எல்லாம் ரன்டைம் கோப்புகளாகத் தனியே இருக்கின்றன. டெபியன் லினக்ஸில் அவை விம்-ரன்டைம் என்ற தனித் தொகுப்பாகவே வருகின்றன. எடிட்டருக்குள் எக்கோ கட்டளையால் விம்ரன்டைம் என்ற சூழல் மாறியின், அதாவது நிரல்களுக்கு அமைப்பு விவரம் கடத்தும் பெயரின், மதிப்பைப் பாருங்கள். அது காட்டும் அடைவு வட்டில் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால், கோப்புகள் ஓரிடத்தில் இருக்க, நிரல் வேறிடத்தில் தேடுகிறது. இதைப் பார்க்காமல் மறுபடி நிறுவுவது வீண் வேலை.

கேள்வி: விம் என்ற மாறியில் புதிய அடைவைக் கொடுத்தேன். ஆனாலும் பழைய இடத்திலேயே தேடுகிறது. ஏன்?

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விம், விம்ரன்டைம் என மாறிகள் இரண்டு. விம்ரன்டைம் மாறியில் மதிப்பு இருந்தால் பேச்சே இல்லை, அதுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்றால், விம் மாறி காட்டும் அடைவுக்குள் பதிப்பு எண் கொண்ட உள்ளடைவு தேடப்படும், 9.1 பதிப்புக்கு அது விம்91. அதுவும் இல்லையென்றால் ரன்டைம் என்ற உள்ளடைவு. அதற்கும் பிறகு விம் மாறியின் அடைவே.

ஆனால் யூனிக்ஸ் வகை அமைப்புகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. தொகுப்பைக் கட்டியவர் விம்ரன்டைமுக்கான இடத்தை நிரலுக்குள்ளேயே பதித்திருந்தால், விம் மாறியை வைத்துத் தேடும் இந்தப் படிகள் அப்படியே தாண்டப்படும். பதித்த இடமே வெல்லும். அமைப்புக் கோப்பை /ஈடிசி அடைவிலும் மற்றவற்றை /யூஎஸ்ஆர்/ஷேர்/விம்/விம்91 அடைவிலும் வைக்க விரும்புவோருக்கு இது மிகவும் பயன்படுகிறது. உங்கள் நிரலில் என்ன பதிந்திருக்கிறது என்பதை வெர்ஷன் கட்டளையின் வெளியீட்டில் இறுதிப் பகுதியில் காணலாம். அங்கே விம்ரன்டைமுக்கென்று ஒரு வரி இருந்தால், நீங்கள் மாற்ற வேண்டியது விம் மாறியை அல்ல, விம்ரன்டைமை.

கேள்வி: விம் தொடங்கும்போது படிக்கும் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பிலேயே விம்ரன்டைமை மாற்றி எழுதினேன். வண்ணங்கள் வந்துவிட்டன, ஆனால் மற்றவை பழைய இடத்திலிருந்தே வருகின்றன.

பதில்: வண்ணமிடுதலைத் தொடங்கும் கட்டளை விம்ரன்டைமை நேரடியாகப் படிக்கிறது. கோப்பு வகையைக் கண்டறியும் பகுதியோ ரன்டைம்பாத் என்ற அடைவுப் பட்டியல் வழியே தேடுகிறது. விம்ஆர்சி படிக்கப்படும் முன்பே அந்தப் பட்டியல் உருவாகி, பழைய மதிப்பு அதில் விரிந்து பதிந்துவிட்டது. ஆகவே மாறியை எடிட்டர் தொடங்கும் முன்பே, கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ரன்டைம் கோப்புகள் பதிப்போடு கட்டுண்டவை. 9.0 பதிப்பின் அடைவைச் சுட்டி எழுதிவைத்து, பிறகு 9.1க்கு மேம்படுத்தினால், பழைய அடைவு நீக்கப்பட்டிருக்கும். இல்லையேல் புதிய நிரல் பழைய கோப்புகளைப் படித்துப் புரியாத பிழைகளைக் கொட்டும். தேவைப்படும் அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும், கட்டளைக்கு முன்னால் மாறியை எழுதினால் போதும். மாறியை வெறுமையாக வைப்பதும் கூடாது. நீக்குவதாக இருந்தால் முழுமையாக நீக்குங்கள்.

கேள்வி: ஒரே கோப்பாகக் கிடைக்கும் ஆப்இமேஜ் வடிவில் வரும் நியோவிம்மில் (விம்மிலிருந்து கிளைத்த எடிட்டர்) ரன்டைம் அடைவு ஒவ்வொரு முறையும் மாறுகிறதே?

பதில்: அது இயல்புதான். ஆப்இமேஜ் தன் உள்ளடக்கத்தை ஒரு தற்காலிக அடைவில் ஏற்றி இயங்குகிறது. அதன் பெயர் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அந்தப் பாதையை எங்கும் எழுதிவைக்காதீர்கள். நிலையான இடம் வேண்டுமென்றால், ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட் என்ற தெரிவோடு ஒருமுறை இயக்குங்கள். உள்ளடக்கம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூட் என்ற அடைவில் பிரிந்து கிடைக்கும்.

கேள்வி: விம்முக்குள் திறந்த டெர்மினலில் இன்னொரு பதிப்பு விம்மைத் தொடங்கினால் மட்டும் பிழை வருகிறது.

பதில்: வெளியே இருக்கும் விம் தன் விம்ரன்டைமைச் சேய் நிரல்களுக்கும் கடத்துகிறது. உள்ளே தொடங்கும் விம் அதை நீங்கள் கொடுத்த மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். என்வ் கட்டளையின் யு தெரிவால் விம், விம்ரன்டைம் இரண்டையும் நீக்கித் தொடங்குங்கள்.

கேள்வி: என் சொந்த வண்ணத் திட்டத்தை ரன்டைம் அடைவுக்குள் போடலாமா?

பதில்: கூடாது, அடுத்த மேம்படுத்தலில் அழிந்துபோகலாம். இல்ல அடைவிலுள்ள .விம் அடைவில் கலர்ஸ் உள்ளடைவுக்குள் வையுங்கள். ரன்டைம்பாத்தில் அதுவே முதலில் நிற்கிறது. தொகுப்போடு வந்த அமைப்பைக் கடைசியில் மாற்றியமைக்க வேண்டுமென்றால், .விம் அடைவுக்குள் ஆஃப்டர் என்ற உள்ளடைவு.

கேள்வி: எங்கு நகர்த்தினாலும் இயங்கும் ஒரு விம் தொகுப்பை நானே கட்டுகிறேன். கட்டும்போதே இடத்தைப் பதிக்கட்டுமா?

பதில்: இடம் நிலையானது என்றால் மேக் கட்டளையில் விம்ரன்டைம்டிர் மாறியால் பதியுங்கள், அதுவே தூய வழி. நகரும் தொகுப்புக்கு அது பயன்படாது. நிரலைச் சுற்றி ஒரு சிறிய ஷெல் நிரல் எழுதுங்கள். அது தான் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, அதிலிருந்து விம்ரன்டைமைக் கணக்கிட்டு, பிறகு விம்மை இயக்கட்டும். வெளியிடும் முன், சொந்த அமைப்புகளை ஒதுக்கிவிடும் கிளீன் தெரிவோடு திறந்து, படிக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும் ஸ்கிரிப்ட்நேம்ஸ் கட்டளையின் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். எல்லாப் பாதைகளும் உங்கள் தொகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒன்றேனும் /யூஎஸ்ஆர்/ஷேர் என்று தொடங்கினால், உங்கள் கணினியில் இயங்குவது பிறர் கணினியில் இயங்காது.