கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 19 வயது. கழுத்து கறுத்துப்போய், தாடையில் முடியும் வளர்கிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். மஃப்ளர் உரசிக் கறுத்தது என்கிறார்கள். கழுத்துக் கறுப்புக்கும் மாதவிலக்கு தள்ளுவதற்கும் சம்பந்தம் உண்டா?"

சம்பந்தம் இருக்கவே வாய்ப்பு அதிகம். மஃப்ளரைக் கழற்றச் சொன்னால், பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணான கழுத்தோடு நிற்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தேய்க்காதீர்கள். அது அழுக்கு அல்ல. ரத்தத்தில் இன்சுலின் கூடும்போது தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல இருக்கும். அக்குளையும் பாருங்கள், அங்கும் இருக்கலாம். அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனையும் கூட்டிவிடுகிறது. தாடை முடி அதனால் வருவது. முட்டை முதிர்ந்து வெளியே வராததால் நாளும் தள்ளிப்போகிறது.

இதைத்தான் நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். அந்தப் பெயரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. உண்மையில் அவை பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள்தான், வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்களுக்குச் சினைப்பையில் நிறைய முட்டைப் பைகள் தெரிவது இயல்பு; ஸ்கேன் வீணாகக் குழப்பும். நாள் தள்ளுவதும் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கூடுவது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டே முடிவு சொல்லலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. நம் ஊர்க் குளிருக்கு நாலு வேளை இனிப்பு டீயும் வர்க்கியும் பழகிவிட்டது; அதில் இரண்டு வேளையைக் குறைத்தாலே நல்ல தொடக்கம். இன்சுலின் இறங்க இறங்கக் கறுப்பும் மெல்ல மங்கும். ஒல்லியான பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை வரும், அதனால் உடம்பைப் பார்த்து மகளைக் குறை சொல்ல வேண்டாம்.

90 நாளுக்கு மேல் தள்ளினால் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உள்சவ்வு தடித்து, வரும்போது பெரும்போக்காக வரலாம். சில மாதத்துக்குள் முடி மளமளவென வளர்ந்து குரலும் தடித்தால் அது வேறு. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கடைசியாக மாதவிலக்கு வந்த நாலைந்து தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.