80 பேர், 4 கழிப்பறை: நகராட்சியின் கூடார முகாமைப் பராமரிப்பது எப்படி?

கேள்வி: வீடில்லாதவர்களுக்காக நகராட்சி நடத்தும் கூடார முகாம் ஒன்றின் பராமரிப்பை எங்கள் தொண்டுக் குழு ஏற்றிருக்கிறது. 80 பேர் தங்கியிருக்கிறார்கள். நடமாடும் கழிப்பறைகள் 4. வாரம் இரண்டு முறை ஒப்பந்தக்காரர் வந்து சுத்தம் செய்கிறார். அப்படியும் நாற்றம் தாங்கவில்லை. எலித் தொல்லை வேறு. மழை பெய்தால் கூடாரத்துக்குள் ஈரம். எல்லாவற்றுக்கும் தங்கியிருப்பவர்களின் பழக்கம்தான் காரணம் என்கிறார் பொறுப்பு அதிகாரி. கேமரா வைக்கவும் யோசிக்கிறார். நாங்கள் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கழிப்பறையிலிருந்து. பழக்கத்தைப் பற்றிப் பேசுமுன் அதிகாரியோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்.

பேரிடர் நிவாரணப் பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் கையேடு, 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. உங்கள் முகாமில் இருப்பதும் அதுதான். அதனால் காகிதத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் எத்தனை கழிப்பறை என்பது ஒரு கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்வது என்பது வேறு கேள்வி. நடமாடும் கழிப்பறைத் தொழிலில் புழங்கும் கணக்கு கட்டுமானத் தளத்துக்காக வந்தது: 10 தொழிலாளர், வாரம் 40 மணி நேர வேலை, ஒரு கழிப்பறை, வாரம் ஒரு சுத்தம். மொத்தம் 400 மணி நேரப் பயன்பாடு. உங்கள் முகாமிலோ ஒரு கழிப்பறைக்கு 20 பேர். அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. அதுதான் அவர்கள் வீடு. வாரத்தின் 168 மணி நேரத்தை 20-ஆல் பெருக்கினால் 3,360. தூக்கத்துக்கும் வெளியே போய்வரும் நேரத்துக்கும் பாதியைக் கழித்துவிடுங்கள், அப்போதும் 1,680. வாரம் இரண்டு சுத்தம் தாங்கக்கூடியது 800 மட்டுமே. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

ஆக, வாரம் நான்கைந்து முறையாவது தொட்டி காலியாக வேண்டும். என்னைக் கேட்டால் தினமும். பணம் இல்லை என்று பதில் வந்தால் கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று நடந்தே ஆக வேண்டும். உறிஞ்சும் லாரி வந்துபோவதையே சுத்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள். இருக்கையைத் துடைப்பது, தாள் வைப்பது, உள்தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது எல்லாம் தினசரி வேலை. அதைத் தங்கியிருப்பவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது. கூலி இல்லாமல் முறை வைத்துச் செய்யச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

துடைக்க ப்ளீச் போதும். 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர்; மலம், ரத்தம், வாந்தி பட்ட இடத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட்டு அப்புறம் ப்ளீச் ஊற்றி, பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச்சின் வேகம் அழுக்கோடு போய்விடும். கரைசலை அன்றன்று கலக்குங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கைகழுவும் இடத்தை கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் படும்படி வையுங்கள். சானிடைசர் பாட்டில் மட்டும் தொங்கவிடுவது போதாது. வாந்தி-பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சான் டியேகோ உதாரணம். 2016 இறுதியில் அங்கே தொடங்கிய ஹெபடைடிஸ் ஏ (மலம் பட்ட கை, உணவு வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்) பரவலில் 592 பேர் நோயுற்றார்கள், 20 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் வீடில்லாதவர்கள். பரவல் முற்றிய பிறகுதான் தடுப்பூசி இயக்கத்தோடு கைகழுவும் தொட்டிகளும் கூடுதல் கழிப்பறைகளும் வந்தன, தெருக்களை ப்ளீச் கரைசலால் கழுவினார்கள். உங்கள் முகாமில் தங்குகிறவர்களுக்கும் பணியாளர்களுக்கும் இந்தத் தடுப்பூசி கிடைக்குமா என்று உள்ளூர் சுகாதாரத் துறையிடம் இப்போதே கேளுங்கள்.

அடுத்து ஈரமும் எலியும். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை வளர்க்கும். கூடாரத்தைத் தரையிலிருந்து உயர்த்த மரச்சட்டப் பலகைகளை அடியில் போடுவார்கள். ஈரம் குறையும், உண்மைதான். ஆனால் பலகைக்கு அடியில் உள்ள இருட்டான இடைவெளி எலிக்கு அரண்மனை. அதனால் பலகையின் நான்கு பக்கமும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையால் மூடுங்கள், சுண்டெலிகூட நுழையாது. பலகைக்குக் கீழே சரளைக் கல், சுற்றிலும் தண்ணீர் வடிய வாய்க்கால். கூடாரத்தின் அடிவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும், அதை மடித்துவிடச் சொல்லுங்கள். மழையே இல்லாத காலையிலும் உட்சுவர் நனைந்திருந்தால் அது மூச்சுக்காற்றின் ஈரம். காற்றுத் திறப்பை அடைத்து வைத்திருப்பார்கள்.

எலிக்கு விஷம் வைக்க வேண்டாம். குழந்தைகளும் நாய்களும் இருக்கும் இடம், செத்த எலி எங்கே கிடக்கிறது என்றும் தெரியாது. சாப்பாட்டை எடுத்துவிட்டாலே பாதி எலி போய்விடும். ஆளுக்கு ஒரு மூடியுள்ள கெட்டிப் பெட்டி கொடுங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், இரவுக்கு முன் காலியாக வேண்டும். பூட்டக்கூடிய பொருள் வைப்பறை இருந்தால் கூடாரத்துக்குள் மூட்டை மூட்டையாகச் சேர்வதும் குறையும். ‘குப்பை சேர்க்கிறார்கள்’ என்று அதிகாரி சொல்வதில் பாதி, வைக்க வேறு இடமில்லாத உடைமைகளாக இருக்கும். ஊசிகளைப் போட, குத்தினாலும் துளைக்க முடியாத தனிப் பெட்டி ஒன்றும் வையுங்கள்.

துணி துவைக்கும் வசதியை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உடனே கேளுங்கள். சீலைப்பேன் உடம்பில் குடியிருப்பதில்லை, துணியின் தையலில்தான். அதன் வழியாக வரும் காய்ச்சலும் உண்டு. 54 டிகிரிக்கு மேல் சுடும் தண்ணீரில் துவைத்துச் சூட்டில் உலர்த்தினால் பேனும் முட்டையும் சாகும்.

தீ விஷயம் சுருக்கமாக: கூடாரங்களுக்கு இடையே குறைந்தது 2 மீட்டர் விடுங்கள். சமையலுக்குத் தனிக் கொட்டகை. குளிருக்காகக் கரிக் கனலைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் ஒளித்துச் செய்வார்கள். கனத்த போர்வையும் வெந்நீர்ப் பையும் முதலில் தயாராக இருக்கட்டும்.

கேமரா: நுழைவாயிலில் ஒன்று வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கழிப்பறைப் பக்கமோ கூடார வரிசையிலோ வேண்டாம். அந்தப் பணத்தில் கழிப்பறைக்குப் போகும் வழிக்கு விளக்குப் போடச் சொல்லுங்கள். இருட்டில் பயந்துகொண்டு கூடாரத்துக்குள்ளேயே வாளியைப் பயன்படுத்தும் பெண்கள் உங்கள் முகாமிலும் இருக்கலாம். குழுவிலிருந்து ஒரு பெண் தனியாக விசாரித்தால் சொல்வார்கள், பொதுக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள்.