தரையிறங்கும் நேரத்தில் விமானம் மேலேறியது ஏன்?

ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகு விமானம் சட்டென்று மேலேறியது, கீழே இன்னொரு விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது, மோதல் எச்சரிக்கைக் கருவி எங்கே போனது, அம்மாவின் அடுத்த மாத டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த உயரத்தில் கருவியை நம்ப முடியாது. ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் அந்த மோதல் எச்சரிக்கைக் கருவி, டிகாஸ் (TCAS), தரையிலிருந்து சுமார் 1000 அடிக்குக் கீழே அந்தக் கட்டளைகளைத் தருவதில்லை. அவ்வளவு தாழ்வில் 'இறங்கு' என்றால் எங்கே இறங்குவது? மிச்சமிருப்பவை கட்டுப்பாட்டுக் கோபுரமும் விமானிகளின் கண்ணும்தான்.

உண்மையான ஆபத்துக்கு உதாரணம், 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்தது. கடும் மூடுபனி. ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் இறங்க அனுமதி பெற்று வருகிறது; அதே ஓடுபாதையில் சவுத்வெஸ்ட் விமானம் புறப்படவும் கோபுரம் அனுமதித்துவிட்டது. தரையில் இருப்பவற்றைக் காட்டும் ரேடார் அப்போது அங்கே இல்லை. ஃபெடெக்ஸ் விமானிகளே கண்டுகொண்டு மேலேற்றினார்கள். இடைவெளி 200 அடிக்கும் குறைவு!

உங்களுடையது அந்த ரகமாகத் தோன்றவில்லை. முன்னால் இறங்கியது விலகத் தாமதித்தால் பின்னால் வருவது மேலேறிச் சுற்றிவரும்; விமானிகள் பயிற்சி பெற்ற வழக்கமான நடைமுறைதான். வயிற்றைக் கலக்கும், மறுக்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள்.