ஸ்லைடில் தெரியும் செல் மரணம் விலங்கு உயிரோடிருந்தபோது நிகழ்ந்ததா?

கால்நடை மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: செல் காயம், நெக்ரோசிஸ் (உயிருள்ள உடலில் காயத்தால் செல்கள் இறந்துபோவது), இறப்புக்குப் பிந்தைய சிதைவு ஆகியவை பாடநூலில் தனித்தனியாகத் தெளிவாக இருக்கின்றன, ஆனால் நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன, எப்படிப் பிரித்தறிவது?

நோய்க்குறியியலில் பல ஆண்டுகளாக ஸ்லைடு பார்த்து வருபவன் என்ற முறையில், நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், திடீரென இறந்துபோன ஒரு செம்மறி ஆட்டின் சிறுநீரகம் என்னிடம் வந்தது. நுண்குழல்களின் உட்பூச்சான எபிதீலியச் செல்கள் வெளிறி, உட்கரு மங்கி, அடித்தளப் படலத்திலிருந்து பிரிந்து குழலுக்குள் உதிர்ந்து கிடந்தன. "தீவிர நுண்குழல் நெக்ரோசிஸ்" என்று எழுதி மூத்த ஆசிரியரிடம் கையொப்பத்துக்கு நீட்டினேன். அவர் ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே, "இந்த ஆடு இறந்து எத்தனை மணி நேரம் கழித்து வெட்டினார்கள்?" என்று கேட்டார். கோரிக்கைப் படிவத்தைப் புரட்டினேன். பதினான்கு மணி நேரம் என்றிருந்தது. "அப்படியானால் இதில் ஆடு செய்தது எது, ஆடு போன பிறகு நடந்தது எது என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. நான் நோய் என்று எழுதியது முழுவதும் ஆட்டோலைசிஸ், அதாவது செல் தன் நொதிகளாலேயே தன்னைக் கரைத்துக்கொள்வது.

அந்தக் கேள்விதான் உங்கள் கேள்விக்கும் பதில் என்று நான் கருதுகிறேன். செத்த செல்லை மட்டும் உற்றுப் பார்த்தால் அது எப்போது செத்தது என்று தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உயிருள்ள திசு என்ன செய்தது என்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதற்கு முன் செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஆக்சிஜன் தடைப்பட்டாலோ நஞ்சு தாக்கினாலோ முதலில் குறைவது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி. ஏடிபி குறைந்தால் செல் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்ப் தளர்கிறது, வெளியேற வேண்டிய சோடியம் உள்ளே தங்குகிறது, அதைப் பின்தொடர்ந்து நீர் நுழைகிறது, செல் வீங்குகிறது. இந்த நிலை வரை மீட்சி உண்டு. காரணம் நீங்கினால் செல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் செயலிழப்பைச் சரிசெய்ய முடியாத நிலையும், செல் சவ்வு கட்டுக்கடங்காமல் கிழிந்து கால்சியம் உள்ளே வெள்ளமாகப் பாயும் நிலையும் வந்துவிட்டால், பிறகு திரும்ப வழியில்லை. அந்தக் கால்சியமே புரதங்களையும் கொழுப்புச் சவ்வுகளையும் அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. கிழிந்த சவ்வின் வழியே கசியும் நொதிகளைத்தான் நாம் இரத்தப் பரிசோதனையில் அளக்கிறோம். தசை சிதைந்தால் சிகே என்ற தசை நொதி உயர்வதும், நாயிலும் பூனையிலும் கல்லீரல் செல் சிதைந்தால் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி உயர்வதும் இதனால்தான். மாட்டின், குதிரையின் கல்லீரலில் ஏஎல்டி மிகக் குறைவு என்பதால் அவற்றில் ஜிஎல்டிஹெச் போன்ற வேறு நொதிகளை நாடுகிறோம். ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது இனத்தை மறப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இறந்த செல்லின் அடையாளங்களைப் பாடநூல் நன்றாகவே சொல்கிறது: சைட்டோபிளாசம் தன் ஆர்என்ஏவை இழப்பதாலும் புரதம் இயல்பு திரிவதாலும் ஈயோசின் என்ற சாயத்தை அதிகம் பிடித்து அடர்ந்த இளஞ்சிவப்பாகிறது, உட்கரு சுருங்கிக் கறுத்தால் பிக்னோசிஸ், துண்டு துண்டாக உடைந்தால் காரியோரெக்சிஸ், சாயமற்றுக் கரைந்து மறைந்தால் காரியோலைசிஸ். பாடநூல் போதிய அழுத்தத்துடன் சொல்லாதது காலத்தைப் பற்றி. உடல் வெப்பநிலையில் இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் நியூரான்கள் 3 முதல் 5 நிமிடங்களிலும், இதயத் தசை 20 முதல் 30 நிமிடங்களிலும் மீட்க முடியாத காயத்தை அடைகின்றன. ஆனால் இதயத்தில் அந்த மரணம் சாதாரண நுண்ணோக்கியில் தெரிய 4 முதல் 12 மணி நேரம் ஆகிறது, அதுவும் விலங்கு அத்தனை நேரம் உயிரோடிருந்தால். எனவே சில நிமிடங்களில் விழுந்து இறந்த ஒரு கன்றின் இதயம் ஸ்லைடில் இயல்பாகத் தெரிவது, அந்த இதயத்தில் காயமே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் கொள்கிறேன்.

இனி அந்த ஆட்டுச் சிறுநீரகத்துக்கு வருகிறேன். உயிரோடிருந்தபோது நிகழ்ந்த நுண்குழல் நெக்ரோசிஸ் ஒரே சீராக இருக்காது. ஆக்சிஜன் தேவை மிகுந்த அண்மைச் சுருள் குழல்கள் அதிகம் அடிபட்டிருக்கும், பக்கத்திலேயே பிழைத்த குழல் ஒன்று இருக்கும், சில குழல்களில் வார்ப்புகள் (குழலுக்குள் திரண்டு இறுகிய புரதமும் செல் சிதைவுகளும்) அடைத்திருக்கும், ஓரிரு நாள் கடந்திருந்தால் தட்டையான புதிய செல்கள் வெறுமையான படலத்தின் மேல் பரவத் தொடங்கியிருக்கும், பிரிவடையும் உட்கருக்களும் கண்ணில் படும். ஆட்டோலைசிஸில் இவை எதுவும் இல்லை. எல்லாக் குழல்களும் ஏறத்தாழ ஒன்றுபோல மங்கியிருக்கும். இரத்தக் குழாய்களுக்குள் உள்ள சிவப்பணுக்களும் வெளிறியிருக்கும். தடித்த பாசில்லஸ்கள் (கோல் வடிவ பாக்டீரியாக்கள்) கூட்டமாகப் பரவியிருந்தாலும், அவற்றை நோக்கி கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் ஒன்றுகூட வந்திருக்காது. செம்மறி ஆட்டின் கம்பளி வெப்பத்தை வெளியே விடாது, அதன் முன்வயிற்றில் நொதித்தலும் நிற்காது. ஆகவே அதன் உடல் நாம் எதிர்பார்ப்பதைவிட விரைவாக அழுகுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் டி வகை பாக்டீரியாவால் செம்மறிகளில் வரும் என்டரோடாக்சீமியாவுக்கு (குடலில் உருவாகும் நச்சு இரத்தத்தில் கலக்கும் நோய்), சிறுநீரகம் கூழாகிவிடுவதை வைத்தே முன்பு "கூழ்ச் சிறுநீரக நோய்" என்று பெயரிட்டார்கள். அந்தக் கூழ்த்தன்மை பெரும்பாலும் இறப்புக்குப் பிந்தைய மாற்றமே என்று இப்போது கொள்ளப்படுகிறது. அந்த பாக்டீரியாவின் எப்சிலான் நச்சு உண்மையில் விட்டுச்செல்லும் நம்பகமான தடயம் மூளையில் இருக்கிறது: சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றிக் கசிந்து தேங்கிய, இளஞ்சிவப்பாகச் சாயமேறும் புரதநீர். ஒரு நோயின் பெயரே ஆட்டோலைசிஸின் மேல் நின்றிருக்கும்போது, புதியவர் ஒருவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

நெக்ரோசிஸின் வகைகளை மனப்பாடமாகப் படிப்பதைவிட, திசுவின் இயல்பிலிருந்து ஊகித்துப் பழகுங்கள். சிறுநீரகத்தில் ஒரு தமனி அடைபட்டால் ஆப்பு வடிவில் ஒரு வெளிறிய பகுதி உண்டாகிறது. அதற்குள் குளோமெருலஸும் (இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) குழலும் உருவம் மாறாமல், உட்கரு மட்டும் இல்லாமல் சில நாட்கள் நிற்கின்றன. இது உறைவு நெக்ரோசிஸ். அந்த ஆப்பைச் சுற்றி ஒரு சிவப்பு விளிம்பு ஓடும். உயிருள்ள திசு தன் எல்லையில் எழுதிய குறிப்பு அது. மூளையில் கொழுப்பு மிகுதி, தாங்கும் நார்த்திசு குறைவு. எனவே அங்கே இறந்த பகுதி கரைந்து குழியாகிறது. பறவைகளில் நியூட்ரோபிலுக்கு இணையான வெள்ளணுக்களான ஹெட்டரோபில்களில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இல்லை. அதனால் கோழியின் சீழ் பாலூட்டிகளின் சீழைப்போல ஓடாமல், உலர்ந்து பாலாடைக்கட்டிபோல் திரண்டு கிடக்கிறது. வைட்டமின் ஈ, செலினியம் குறைபாட்டில் கன்றின் தசை நார்கள் இறந்து சுண்ணாம்பேறுவதால், வெட்டினால் தசை வெண்கோடுகளுடன் இருக்கும், சில இடங்களில் கத்தி நறநறக்கும்.

செல் தானே திட்டமிட்டு இறந்துபோகும் அப்போப்டோசிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-இல் கெர், வைலி, கர்ரி ஆகியோர் இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உருவாக்கினார்கள். இதில் செல் வீங்காமல் சுருங்குகிறது, சவ்வு கிழியாமல் சிறு பொதிகளாகப் பிரிகிறது, அண்டைச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. உள்ளடக்கம் கசியாததால் அழற்சி எழுவதில்லை. அழற்சி இல்லை என்பதால் இதை ஆட்டோலைசிஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்போப்டோசிஸ் இயல்பான அண்டைகளுக்கு நடுவே தனித்தனிச் செல்லாக நிகழும். ஆட்டோலைசிஸ் அண்டைகளையும் சேர்த்தே கரைக்கும்.

கடைசியாக, நுண்ணோக்கிக்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பதால் மாதிரி எடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும். திசுவை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் வெட்டி, அதன் பருமனைப்போலப் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் (திசு அழுகாமல் நிலைப்படுத்தும் திரவம்) இடுங்கள்; நுண்ணோக்கிக்கான மாதிரியை ஒருபோதும் உறைய வைக்காதீர்கள், பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். விலங்கு இறந்த நேரத்தையும் திறந்த நேரத்தையும் படிவத்தில் தனித்தனியே எழுதுங்கள். புண் தெரிந்தால் அதன் நடுவை மட்டும் எடுத்து அனுப்ப வேண்டாம். அங்கே எல்லாமே செத்திருக்கும். புண்ணும் நல்ல திசுவும் சந்திக்கும் ஓரம் ஒரே துண்டில் வரும்படி வெட்டி அனுப்புங்கள்.