வைஃபை ஃபர்ம்வேரை ஏன் லினக்ஸ் கெர்னலோடு சேர்த்தே தருவதில்லை?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தும் வைஃபை வரவில்லை, ஃபர்ம்வேரைத் தனியாக நிறுவச் சொல்கிறார்கள், இரண்டையும் ஒரே பொதியாகத் தந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஃபர்ம்வேர் உங்கள் கணினியின் சிபியூவில் ஓடுவதில்லை. வைஃபை அட்டைக்குள் ஒரு சிறு செயலி இருக்கிறது. அதில் ஓடும் நிரல் அது. பல அட்டைகளில் அதை நிரந்தரமாகச் சேமிக்க இடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும், அட்டையைக் கையாளும் மென்பொருளான டிரைவர் அந்த ஃபர்ம்வேர் கோப்பைக் கெர்னலிடம் கேட்டு வாங்கி அட்டைக்குள் ஏற்றுகிறது.

முன்பு சில ஃபர்ம்வேர் கோப்புகள் கெர்னல் மூலநிரலோடுதான் வந்தன. 2017இல் வெளியான 4.14 பதிப்பில் அவை இருந்த அடைவையே எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கெர்னலின் உரிமம் ஜிபிஎல் 2, அதாவது மூலநிரலையும் தர வேண்டும், யாரும் மாற்றலாம் என்னும் உரிமம். ஃபர்ம்வேரோ பெரும்பாலும் மூலநிரல் இல்லாத பைனரி. பகிரலாம், மாற்ற முடியாது. அப்புறம், ஃபர்ம்வேரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க அடுத்த கெர்னல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல்கூட 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் இவற்றைத் தனிப் பிரிவாக்கி, அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்த்தது.

உங்கள் சிக்கலுக்கு, கெர்னல் பதிவில் (log) ஃபர்ம்வேர் பற்றிய வரிகளைத் தேடுங்கள். பிழை எண் மைனஸ் 2 என்றிருந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். அந்த வரியிலேயே கோப்பின் பெயரும் இருக்கும். அது உள்ள பொதியை நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்பு இருந்தும் அதே பிழை வந்தால் கணினி தொடங்கும்போது கெர்னல் முதலில் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கிப் பாருங்கள்.