சம்பளத்தில் குறைந்தது, வட்டியில் கூடியது: புதிய அரசின் வரிக் கொள்கையை எப்படி எடைபோடுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனமொன்றில் மாதம் 2 இலட்சம் ரூபா சம்பளத்தில் வேலை செய்கிறேன். அம்மாவிடம் 40 இலட்சம் ரூபா நிலையான வைப்பு இருக்கிறது. அதன் வட்டிதான் அவருடைய ஒரே வருமானம். தம்பி வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை செய்து மாதம் இரண்டரை இலட்சம் பெறுகிறான். தேசிய மக்கள் சக்தி அரசு வரியைக் குறைத்தது என்கிறேன் நான். வட்டியில் பிடிப்பதை இரட்டிப்பாக்கிவிட்டது என்கிறார் அம்மா. இல்லாத வரியை என் தலையில் போட்டது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று மாற்றங்களும் 2025 ஏப்ரல் 1 அன்று ஒன்றாகவே நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொருவரும் தன் கைக்கு எட்டிய துண்டைப் பார்த்துப் பேசுகிறீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் சம்பளம். முன்பு ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 சதவீதம். இப்போது 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, மிச்சத்துக்கு 36. மாதம் 2 இலட்சம் பெறும் நீங்கள் முன்பு 10,500 ரூபா கட்டினீர்கள், இப்போது 3,000. மாதம் 7,500 ரூபா மிச்சம். ஒன்றரை இலட்சம் பெறுபவருக்கு 3,500 ரூபா முழுவதும் போய்விட்டது. 3 இலட்சம் பெறுபவருக்கு 35,000 ரூபா 18,500 ஆகியிருக்கிறது.

சம்பளச் சீட்டைச் சரிபார்க்கும்போது பலர் ஓரிடத்தில் தவறுகிறார்கள். கையில் வரும் தொகையை வைத்துக் கணக்குப் போடுவார்கள், எண் ஒத்துவராது. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 சதவீதத்தைக் கழிக்காமல், படிகளையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் சேர்த்த மொத்தச் சம்பளத்தில்தான் வரி கணிக்கப்படுகிறது.

அம்மாவின் வைப்பு. வட்டியைக் கொடுக்கும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் நிறுத்திவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது உண்மை. வைப்புப் பணத்திலேயே 10 சதவீதம் போய்விடுமென்று பயந்து வைப்பை உடைத்தவர்களும் இருக்கிறார்கள். பிடிப்பது வட்டியில் மட்டும். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 320,000 ரூபா. முன்பு பிடித்தது 16,000, இப்போது 32,000.

ஆனால் இது இறுதி வரி அல்ல, முற்பணம். அம்மாவின் மொத்த ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே இருப்பதால் அவர் கட்டவேண்டிய வரி பூச்சியம். வேறு வருமானமே இல்லாத ஒருவர் இதே வட்டிக்கு 2 கோடி 25 இலட்சம் வைப்பு வைத்திருந்தால்தான் அந்த எல்லையைத் தொடுவார். ஆகவே அம்மா வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடித்தம் நின்றுவிடும். தேசிய அடையாள அட்டையோடு வரிசெலுத்துநர் அடையாள இலக்கத்தையும், அதாவது டின் இலக்கத்தையும், கொண்டுபோகச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் முதலில் பதிந்துகொள்ளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிரகடனத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் வங்கியிடம் பிடித்தச் சான்றிதழ் வாங்கி, நவம்பர் 30-க்குள் வருமான விவரத்திரட்டு சமர்ப்பித்து மீளக் கேட்கலாம்.

சிக்கல் வருவது கூட்டுக் கணக்கில். பாதுகாப்புக்காக உங்கள் பெயரையும் வைப்பில் சேர்த்திருந்தால், 24 இலட்சம் வருமானமுள்ள நீங்கள் 18 இலட்சத்துக்குக் கீழ் என்று கையெழுத்திட முடியாது. பொய்ப் பிரகடனம் குற்றம். வைப்பை அம்மாவின் தனிப்பெயரில் வைத்து உங்களைப் பின்னுரித்தாளராக, அதாவது நொமினியாக, பதிவதே நல்லது.

உங்களுக்கும் ஏதாவது வட்டி வருகிறதா? வந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் சம்பளத்தில் வரிக்குட்படுவது 6 இலட்சம். இன்னும் 4 இலட்சத்துக்கு 6 சதவீதப் படியிலேயே இருப்பீர்கள். ஓர் இலட்சம் வட்டிக்கு வங்கி 10,000 பிடிக்கும், நீங்கள் கட்டவேண்டியதோ 6,000. மிச்சம் 4,000 உங்களுடையது, விவரத்திரட்டில் கேளுங்கள். மூன்றரை இலட்சம் சம்பளக்காரருக்கு நிலைமை நேர்மாறு: அதே ஓர் இலட்சம் வட்டிக்கு அவர் 30,000 கட்ட வேண்டும். வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதே என்று அவர் பேசாமல் இருந்தால் பிறகு தண்டப்பணத்தோடு கட்ட நேரும்.

தம்பியின் வருமானம். சேவை ஏற்றுமதியாக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியே வரும் பணத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. இப்போது உச்ச விகிதம் 15 சதவீதம். அவனுக்கும் 18 இலட்ச விலக்கு உண்டு. ஆண்டு வருமானம் 30 இலட்சத்தில் 12 இலட்சம் வரிக்குட்படும்: முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 2 இலட்சத்துக்கு 30,000, ஆக 90,000 ரூபா. அதே வருமானமுள்ள சம்பளக்காரர் 96,000 கட்டுகிறார். அவனுக்குச் சம்பளத்தில் பிடிக்க ஆளில்லாததால் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணைகளில் தானே கட்ட வேண்டும். மீதி செப்டம்பர் 30-க்குள். பணத்தை வங்கி வழியே எடுக்காவிட்டால் 15 சதவீத உச்சவரம்புச் சலுகையும் கைநழுவும்.

இனி உங்கள் விவாதத்துக்கு வருவோம். அரசை எடைபோடுவதற்கு முன் எதை யார் கொண்டுவந்தார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைச் சிட்டையில் நீங்கள் கட்டும் 18 சதவீத வற் வரி 2024 ஜனவரியில், ரணில் விக்கிரமசிங்க ஆட்சியில் 15-இலிருந்து ஏறியது. 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2022 ஒக்டோபரிலிருந்து இருக்கிறது. 2019-இல் வற் வரியை 8 சதவீதமாக வெட்டியதால் வருவாய் சரிந்தது; அதுவும் ஒரு காரணமாக 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத் திட்டத்தின் வரம்புக்குள்தான் புதிய அரசு வந்து உட்கார்ந்தது. 2025-க்கான இலக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15.1 சதவீத வருவாயும் கடன் வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் 2.3 சதவீத உபரியும். எந்த அரசுக்கும் அதில் கைவீச அதிக இடமில்லை.

இருந்தும் வாக்குறுதியோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சம்பள வரிக்கான எல்லையை மாதம் 2 இலட்சமாக்குவதாகத் தேர்தலில் சொன்னார்கள்; செய்தது ஒன்றரை இலட்சம். ஓர் இலட்சத்திலிருந்து கூட்டுவதாகச் சொன்னதில் அது பாதி நிறைவு, பாராட்டலாம். உணவு, மருத்துவம் போன்றவற்றில் வற் வரியைக் குறைப்பதாகச் சொன்னதில் உள்ளூர்ப் பால், யோகட் அளவில்தான் அசைவு தெரிகிறது. என் பார்வையில் பெரிய குறை இதுதான். வருமான வரிச் சலுகை மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் உழைப்பவருக்கே போய்ச் சேரும். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இந்தச் சலுகையில் ஒரு சதமும் இல்லை. சவர்க்காரம் வாங்கும்போதோ உங்களைப் போலவே 18 சதவீதம் கட்டுகிறார்.

அரசுக்குச் சாதகமாகப் பேசுபவர்கள் 2025-இன் வரி வருவாயைக் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் வாகன வரி எவ்வளவு? 2020 முதல் தடைப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது. ஐந்தாண்டாகத் தேங்கிய ஆசை ஒரே ஆண்டில் கொட்டியது. அந்த வரவு ஆண்டுதோறும் அதே அளவில் வராது. வாகன வரியைக் கழித்த பிறகும் வருவாய் ஏறியிருந்தால்தான் வரி நிர்வாகம் திருந்தியிருக்கிறது என்று பொருள்.

செலவுப் பக்கத்திலும் தலைப்புச் செய்தியில் நிற்காதீர்கள். அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250-இலிருந்து 40,000 ரூபாவானது. கூடியது 15,750 என்றார்கள். ஏற்கெனவே தனியாகக் கொடுத்துவந்த 7,500 ரூபா கொடுப்பனவுகள் அதற்குள் அடங்கிவிட்டன. உண்மையான உயர்வு 8,250. அதில் 5,000-மும் மீதியில் 30 சதவீதமும் 2025 ஏப்ரலில்; எஞ்சியது 2026, 2027 ஜனவரிகளில் பாதி பாதியாக. சம்பள உயர்வு பற்றி யாராவது வாதிட்டால் எந்த மாதத்துச் சீட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள்.